கம்ப்யூட்டர் வரைந்த வரைபடம் சரிதானா?

சமன்பாட்டை டைப் செய்து என்டர் கீயைத் தட்டினால் அடுத்த விநாடியே வரைபடம் வரைந்து தரும் மென்பொருட்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. க்னூபிளாட், ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் ஆகியவற்றை வீட்டில் படிப்பவர்கள் காசு கொடுக்காமலேயே பயன்படுத்தலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் எக்ஸெல் இருக்கிறது. கிராஃப் ஷீட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய வேலை ஒரு நொடியில் முடிந்து விடுகிறது.

படத்தை அழகாக, கலர் கலராக வரைவது எப்படி என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. வந்த படத்தை நம்பலாமா என்று பார்ப்பது எப்படி, நம்ப முடியாத படத்தைச் சரி செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

உதாரணங்களுக்கு க்னூபிளாட்டை எடுத்துக் கொள்கிறேன். 1986-இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகிய இருவர் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பட்டன்களும் மெனுக்களும் குறைவு. கட்டளைகளை நாமே டைப் செய்ய வேண்டும். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை இது மறைப்பதில்லை. கட்டளைகளைக் கீழே தமிழில் உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும். ஒவ்வொரு சோதனையையும் தொடங்கும் முன் 'ரீசெட்' என்று டைப் செய்து என்டர் தட்டிக் கொள்ளுங்கள். பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்து விடும்.

முதலில் இதை டைப் செய்யுங்கள்:

பிளாட் சைன்(31*எக்ஸ்)

திரையில் என்ன தெரிகிறது? இடது பக்கம் கீழே தொடங்கி வலது பக்கம் மேலே முடியும் ஒரே ஒரு மென்மையான கோடு. அலை என்று சொல்லவே முடியாது. எக்ஸ் -10 முதல் 10 வரை போகும்போது இந்தச் சார்பு கிட்டத்தட்ட 99 முறை ஏறி இறங்க வேண்டும். அத்தனை அலைகளும் எங்கே போயின?

இப்போது இப்படிச் செய்யுங்கள்:

செட் சாம்பிள்ஸ் 101
பிளாட் சைன்(31*எக்ஸ்)

ஒரே ஒரு புள்ளியைத்தான் கூட்டியிருக்கிறோம். படமே மாறி, ஒன்றேகால் அலைக்குச் சற்று அதிகமாகத் தெரியும். இதுவும் தவறான படம்தான்.

காரணம் எளிது. எந்த மென்பொருளும் வளைவை வளைவாக வரைவதில்லை. எக்ஸ் அச்சில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் ஒய்-யின் மதிப்பைக் கணக்கிட்டு, அந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்கிறது. க்னூபிளாட்டில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 100 புள்ளிகள். -10 முதல் 10 வரை 100 புள்ளிகள் என்றால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 0.202 இடைவெளி. நம் சார்பின் ஓர் அலையின் நீளமும் 0.2027. அதாவது மென்பொருள் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அலை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றை முடித்து விட்டுப் பழைய இடத்திலேயே நிற்கிறது. நடுவில் நடந்த ஆட்டம் எதுவும் அதற்குத் தெரியாது. சினிமாவில் வேகமாக ஓடும் காரின் சக்கரம் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிகிறதே, அதே கதைதான். இதை ஏலியாசிங் என்பார்கள். ஓர் அலைக்கு இரண்டு புள்ளிகளுக்கு மேல் இருந்தால்தான் அலை இருப்பதே தெரியும் என்பது அடிப்படை விதி. பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்றால் என் கணக்குக்கு 20 புள்ளிகளாவது வேண்டும்.

செட் சாம்பிள்ஸ் 5000 என்று கொடுத்தால் அலைகள் வந்து விடும். ஆனால் 600 பிக்சல் அகலத்தில் 99 அலைகளைத் திணித்தால் கம்பளி நெய்தது போல இருக்கும். பார்க்கும் எல்லையைச் சுருக்குவதே நல்லது:

பிளாட் [0:1] சைன்(31*எக்ஸ்)

ஐந்து அலைகள் தெளிவாகத் தெரியும்.

இது வெறும் கணிதப் புத்தகச் சமாச்சாரம் என்று நினைத்து விடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், தொழிற்சாலை மோட்டாரின் அதிர்வைப் பதிவு செய்து வரைபடமாகக் காட்டும் ஒரு சாப்ட்வேர் இருந்தது. விநாடிக்கு 50 முறை அளவெடுக்கும். மோட்டார் நிமிடத்துக்கு 2940 சுற்று, அதாவது விநாடிக்கு 49. வரைபடத்தில் என்ன தெரியும்? விநாடிக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும் அலை. பராமரிப்புப் பிரிவினர் அந்த மெதுவான ஆட்டத்துக்குக் காரணம் தேடி மோட்டாரின் அடித்தளத்து போல்ட்டுகளை எல்லாம் கழற்றி முறுக்கிக் கொண்டிருந்தார்கள். அப்படி ஓர் ஆட்டமே கிடையாது. மோட்டார் சுற்றும் வேகத்தில்தான் அதிர்ந்தது. அளவெடுக்கும் வேகத்தைக் கூட்டிய அன்று அந்த மெதுவான அலை காணாமல் போய், உண்மையான அதிர்வு தெரிந்தது.

எனவே முதல் சோதனை இதுதான். எந்தப் படம் வந்தாலும் சாம்பிள் எண்ணிக்கையை மாற்றி மறுபடி வரைந்து பாருங்கள். 100 என்பதை 200, 400 என்று இரட்டிப்பாக்குவதை விட 137, 523 என்று சம்பந்தமில்லாத எண்களைக் கொடுப்பது மேல். படம் மாறினால் அதை நம்பக் கூடாது.

இல்லாத கோடும் இருக்கும் இடைவெளியும்

புள்ளிகளை இணைப்பதால் வரும் இன்னொரு தொல்லை, இல்லாத கோடுகள். பிளாட் டேன்(எக்ஸ்) என்று கொடுங்கள். ஒய் அச்சு -30 முதல் 30 வரை நீண்டு, ஆறு இடங்களில் செங்குத்தாகக் கோடுகள் தெரியும். அந்த இடங்களில் டேன் சார்புக்கு மதிப்பே கிடையாது. ஒரு பக்கம் மேலே முடிவிலிக்குப் போகிறது. மறு பக்கம் கீழே இருந்து வருகிறது. மென்பொருள் இரண்டு பக்கமும் இருந்த கடைசிப் புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டு விட்டது. பல மாணவர்கள் இந்தக் கோட்டைத் தொலைத்தொடுகோடு என்று நினைத்து, 'கம்ப்யூட்டரே வரைந்து காட்டுகிறது பார்' என்கிறார்கள். அது தொலைத்தொடுகோடு அல்ல. உற்றுப் பாருங்கள், லேசாகச் சாய்ந்திருக்கும்.

சரி செய்யும் முறை:

செட் சாம்பிள்ஸ் 5000
செட் ஒய்ரேஞ்ச் [-5:5]
எஃப்(எக்ஸ்) = ஏபிஎஸ்(டேன்(எக்ஸ்)) < 20 ? டேன்(எக்ஸ்) : 1/0
பிளாட் எஃப்(எக்ஸ்)

டேனின் மதிப்பு 20-ஐத் தாண்டினால் 1/0 கொடு என்கிறோம். 1/0 என்பது மதிப்பில்லாத புள்ளி என்பதால் க்னூபிளாட் அங்கே கோட்டை அறுத்து விடும். சாம்பிள்ஸ் வரியை விட்டு விட்டால் இது பலிக்காது. 100 புள்ளிகளில் பார்த்தால் 20-ஐத் தாண்டும் குறுகிய பகுதியை மென்பொருள் ஒரே தாவலில் தாண்டிப் போய் விடக் கூடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. 5 அலகு ஆரமுள்ள வட்டத்தை வரையப் பாருங்கள்:

பிளாட் எஸ்க்யூஆர்டி(25-எக்ஸ்**2), -எஸ்க்யூஆர்டி(25-எக்ஸ்**2)

இடது ஓரமும் வலது ஓரமும் வெட்டி எடுத்தது போலத் திறந்து கிடக்கும். 100 புள்ளிகளில் 5-க்கு முந்தைய புள்ளி 4.9495, அடுத்தது 5.1515. அடுத்ததில் வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்து விடுவதால் புள்ளி இல்லை. 4.9495-இல் ஒய்-யின் மதிப்பு 0.709. ஆகவே மேலே 0.709, கீழே 0.709, மொத்தம் 1.4 அலகு அளவுக்கு வாய் பிளந்து நிற்கிறது. வட்டத்தைக் கோணத்தின் வழியாக வரைந்தால் இந்தப் பிரச்சினையே எழாது:

செட் பாராமெட்ரிக்
செட் டிரேஞ்ச் [0:2*பை]
செட் சைஸ் ரேஷியோ -1
பிளாட் 5*காஸ்(டி), 5*சைன்(டி)

மூன்றாவது வரி முக்கியம். இரண்டு அச்சுகளிலும் ஓர் அலகின் நீளம் ஒன்றாக இருக்கும்படி அது பார்த்துக் கொள்ளும். அது இல்லாவிட்டால் வட்டம் முட்டை வடிவில் வரும். 45 டிகிரிச் சாய்வுள்ள கோடு 30 டிகிரி போலத் தெரியும். பாதிப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

நாம் சொன்னது ஒன்று, அது புரிந்து கொண்டது ஒன்று

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி கணக்குப் பிராஜெக்ட்டுக்காகச் சில வரைபடங்களைக் கையால் வரைந்திருந்தாள். எக்ஸின் கனமூலமும் அதில் ஒன்று. பிறகு க்னூபிளாட்டில் வரைந்து சரிபார்த்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் வலது பாதி மட்டும் வந்தது. உடனே ரப்பரை எடுத்துத் தன் படத்தின் இடது பாதியை அழித்து விட்டாள். அழித்த தடம் தெரியும் நோட்டை என்னிடம் காட்டி, "கம்ப்யூட்டர் தப்பா வரையுமாண்ணா?" என்று கேட்டாள். "தப்பா வரையலைம்மா. நீ கேட்டதுக்கு அது வேற அர்த்தம் எடுத்துக்கிச்சு" என்றேன். அவள் முதலில் வரைந்திருந்ததுதான் சரி. -8-இன் கனமூலம் -2. வளைவு இடது பக்கமும் உண்டு.

நடந்தது இதுதான். முதலில் அவள் எக்ஸ்**(1/3) என்று கொடுத்திருக்கிறாள். படுக்கைவாட்டில் ஒரு நேர்கோடு வந்தது. க்னூபிளாட்டுக்கு 1-உம் 3-உம் முழு எண்கள்; முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதியை வெட்டி எறிந்து விடும். 1/3 என்பது 0 ஆகி, எக்ஸின் 0 அடுக்கு எல்லா இடத்திலும் 1. 'ஒய் ரேஞ்ச் காலியாக இருக்கிறது' என்ற எச்சரிக்கையும் வந்திருக்கும். இந்த எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை. தோழி ஒருத்தி சொல்லி 1.0/3 என்று மாற்றியதும் வலது பாதி வந்தது. குறை எண்ணுக்குப் பின்ன அடுக்கு கொடுத்தால் பல மென்பொருட்கள் கலப்பெண் விடையைத்தான் எடுத்துக் கொள்ளும். -8-க்கு மூன்று கனமூலங்கள் உண்டு. க்னூபிளாட் எடுத்துக் கொள்வது -2 அல்ல, கற்பனைப் பகுதியுள்ள வேறொன்று. அதைத் தாளில் குறிக்க முடியாது, விட்டு விடும். சரியான கட்டளை:

பிளாட் எஸ்ஜிஎன்(எக்ஸ்)*ஏபிஎஸ்(எக்ஸ்)**(1.0/3)

கோணங்களிலும் இதே குழப்பம்தான். க்னூபிளாட்டில் சைன்(90) 1 அல்ல, 0.894. அது 90 ரேடியன் என்று நினைத்துக் கொள்கிறது. பிளாட் [0:360] சைன்(எக்ஸ்) என்று கொடுத்தால் ஓர் அலைக்குப் பதில் 57 அலைகளை வரைய முயன்று அலங்கோலமாகி விடும். முன்னால் 'செட் ஆங்கிள்ஸ் டிகிரீஸ்' கொடுத்து விடுங்கள். மடக்கையிலும் எச்சரிக்கை தேவை: 'லாக்' என்றால் க்னூபிளாட்டில் இயல் மடக்கை, எக்ஸெல்லிலும் டெஸ்மாஸிலும் 10 அடிமான மடக்கை. ஒரே சமன்பாட்டை இரண்டிலும் வரைந்து ஒப்பிடுபவர்கள் இதில் மாட்டுவார்கள்.

எக்ஸெல் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏ பத்தியில் -3 முதல் 3 வரை எண்களைப் போட்டு, பி பத்தியில் =-ஏ1^2 என்று ஃபார்முலா கொடுத்து இழுங்கள். கவிழ்ந்த பரவளையம் வர வேண்டும். நிமிர்ந்த பரவளையம்தான் வரும்! எக்ஸெல் முதலில் மைனஸைச் சேர்த்து விட்டுப் பிறகுதான் வர்க்கம் எடுக்கிறது. =-(ஏ1^2) என்று அடைப்புக்குறி போட்டால் சரியாகும். கால்குலேட்டருக்கும் கணித ஆசிரியருக்கும் ஒத்துவராத இந்த வழக்கத்தை எக்ஸெல் விடுவதாக இல்லை.

சார்ட் வகையில் 'லைன்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது எக்ஸ் மதிப்புகளை வெறும் பெயர்களாகக் கருதி, 1, 2, 5, 10 என்று கொடுத்தாலும் சம இடைவெளியில் அடுக்கி விடும். 'எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்' தான் வேண்டும். அதிலும் 'ஸ்மூத்' கோடு வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டில் 6 மணி நேரம் வரை 10 ரூபாய், அதற்கு மேல் 20 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஸ்மூத் கோட்டில் வரைந்தால் 6 மணி நேரத்துக்குச் சற்று முன் கட்டணம் 10 ரூபாய்க்கும் கீழே இறங்கி, பிறகு 20-ஐத் தாண்டிப் போய்த் திரும்பும். அப்படி யாரும் வசூலிப்பதில்லை.

பெரிதாக்கினால் உண்மை தெரியுமா?

சந்தேகம் வந்தால் ஜூம் செய்து பார்ப்போம் என்று தோன்றும். பெரும்பாலும் நல்ல வழிதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

செட் சாம்பிள்ஸ் 1000
பிளாட் [-0.0000001:0.0000001] (1-காஸ்(எக்ஸ்))/எக்ஸ்**2

எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது இதன் மதிப்பு 0.5 என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். திரையில் ரம்பப் பல் போல 0-க்கும் 1-க்கும் இடையே குதிக்கும் ஒரு படம் வரும். நட்ட நடுவில் 0-வாகவே இருக்கும். கம்ப்யூட்டர் ஓர் எண்ணை ஏறக்குறைய 16 இலக்கத் துல்லியத்தில்தான் வைத்துக் கொள்கிறது. எக்ஸ் 0.00000001 அளவுக்குச் சிறியதாகும்போது அதன் காஸ் மதிப்புக்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம் அந்த 16 இலக்கத்துக்குள் அடங்காமல் காணாமல் போகிறது. 1-இலிருந்து 1-ஐக் கழித்து 0 என்கிறது. சாம்பிளைக் கூட்டி இதைச் சரி செய்ய முடியாது. சமன்பாட்டை மாற்றி எழுத வேண்டும்:

பிளாட் [-0.0000001:0.0000001] 0.5*(சைன்(எக்ஸ்/2)/(எக்ஸ்/2))**2

கணிதப்படி இரண்டும் ஒன்றே. இதில் கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும் வேலை இல்லாததால் 0.5 சுத்தமாக வரும்.

எக்ஸ், ஒய் இரண்டும் கலந்த சமன்பாடுகளை அப்படியே வரையும் மென்பொருட்களில் வேறொரு பலவீனம். அவற்றில் பெரும்பாலானவை திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, சமன்பாட்டின் மதிப்பு எங்கே மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு மாறுகிறது என்று தேடுகின்றன. வட்டத்தின் சமன்பாட்டை வர்க்கப்படுத்தி, (எக்ஸ்^2+ஒய்^2-25)^2=0 என்று கொடுத்துப் பாருங்கள். வர்க்கம் மைனஸுக்கே போகாது என்பதால் சில மென்பொருட்களில் வட்டமே வராது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் படித்த ஜெஃப் டப்பர் கிராஃப்ஈக்யூ என்ற மென்பொருளை எழுதி, அதன் முறையை 2001-இல் சிக்கிராஃப் மாநாட்டுக் கட்டுரையாக வெளியிட்டார். அது புள்ளிகளைச் சோதிப்பதில்லை. ஒரு கட்டம் முழுவதற்கும் சமன்பாட்டின் மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்று கணக்கிட்டு, வளைவு இல்லை என்று உறுதியான கட்டங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வரும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். கம்ப்யூட்டர்கள் தசம எண்களைக் கையாளும் ஐஇஇஇ 754 தரத்தை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு வகித்து, 1989-இல் டூரிங் விருது பெற்ற வில்லியம் கஹான் காட்டியது இது.

செட் சாம்பிள்ஸ் 500
பிளாட் [0:2] 1+எக்ஸ்**2+லாக்(ஏபிஎஸ்(1+3*(1-எக்ஸ்)))/80

வழக்கமான பரவளையம் போலத்தான் தெரியும். 1.33-க்கு அருகே ஒரு சின்ன நெளிவு, 0.07 அளவு. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சாம்பிளை 5000 ஆக்குங்கள், நெளிவு 0.1 ஆகும், அவ்வளவுதான். ஆனால் எக்ஸ் சரியாக 4/3 ஆகும்போது மடக்கைக்குள் 0 வருகிறது. அங்கே வளைவு மைனஸ் முடிவிலிக்குப் போகிறது! கோடிக்கணக்கில் புள்ளிகள் கொடுத்தாலும் பயனில்லை. கம்ப்யூட்டரால் எழுத முடிந்த எண்களில் 4/3-க்கு மிக நெருக்கமானதைக் கொடுத்தாலும் மதிப்பு 2.32-க்குக் கீழே இறங்காது. இந்தப் பள்ளத்தை எந்தச் சாம்பிள் எண்ணிக்கையும் காட்டாது. சமன்பாட்டைப் பார்த்து, 'மடக்கைக்குள் எப்போது 0 வரும்?' என்று கேட்பவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

பிளஸ் டூ கணிதத்தில் வளைவரை வரைதல் என்று ஒரு பகுதி உண்டு. சார்பகம் என்ன, அச்சுகளை எங்கே வெட்டுகிறது, சமச்சீரா, தொலைத்தொடுகோடு உண்டா, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று வரிசையாகக் கேட்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பழக்கத்தைச் சொல்கிறேன்: பிளாட் கட்டளையைத் தட்டும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் வகுக்கும் எண் எங்கே 0 ஆகிறது, மடக்கைக்குள்ளும் வர்க்கமூலத்துக்குள்ளும் எங்கே 0 அல்லது மைனஸ் வருகிறது என்று மட்டும் எழுதிக் கொள்வேன். இரண்டு நிமிட வேலை. பிறகு அந்த இடங்களைத் தனித்தனியாக, குறுகிய எல்லையில் வரைந்து பார்ப்பேன்.

நீங்களே செய்து பார்க்க ஒன்று. (எக்ஸ்**2-4)/(எக்ஸ்-2) என்பதை முதலில் 100 சாம்பிளிலும் பிறகு 101 சாம்பிளிலும் வரையுங்கள். ஒன்றில் முழு நேர்கோடு வரும். மற்றொன்றில் 1.8 முதல் 2.2 வரை கோடு அறுந்திருக்கும். கையால் வரைந்தால் நீங்கள் அந்த இடத்தில் என்ன போடுவீர்கள்?